நிரல் எழுதச் சொந்தக் கணினியா, மெய்நிகர் கணினியா: தீர்மானிக்கும் முறை

விண்டோஸ் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, லினக்ஸ் சர்வரில் இயங்கப் போகும் ஒரு வலைச் செயலியை எழுதத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார். பைத்தான், நோட் என்ற நிரலாக்கச் சூழல்கள், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்ற தரவுத்தளங்கள் என்று தேவையானவற்றையெல்லாம் மடிக்கணினியிலேயே நேரடியாக நிறுவிக்கொள்வதா, அதற்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினியை, அதாவது ஒரு மெய்நிகர் கணினியை, உருவாக்கி அவற்றை அங்கே குடியமர்த்துவதா, அல்லது எங்கோ ஒரு தரவு மையத்தில் உள்ள கணினியை வாடகைக்கு எடுப்பதா என்பதே அந்தக் கேள்வி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கணினியை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு நெடுநாளாக என்னிடம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எழுதும் நிரல்மொழியும் கணினியின் விலையும் இதில் இரண்டாம்பட்சம். நிரல் இறுதியில் எந்த இயங்குதளத்தில் இயங்கப் போகிறது, கையிலுள்ள கணினியில் எவ்வளவு நினைவகம் மிஞ்சுகிறது என்ற இரண்டு விடைகள் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் முடிவும் கிடைத்துவிடும்.

அதற்கு முன், மெய்நிகர் கணினி வேகம் குறைந்தது என்ற பழைய அச்சத்தைச் சற்று அளந்து பார்க்க வேண்டும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்குவது புதிய கருத்தன்று. ஐபிஎம் நிறுவனம் 1972 இலேயே தன் பெருங்கணினிகளுக்காக விஎம்/370 என்ற அமைப்பை அறிவித்தது. வீட்டுக் கணினிகளுக்கான செயலிகளில்தான் (புராசஸர்) அதற்கான வன்பொருள் வசதி தாமதமாக வந்தது. இன்டெல் 2005 இல் விடி-எக்ஸ் வசதியையும், ஏஎம்டி 2006 இல் ஏஎம்டி-வி வசதியையும் செயலிகளுக்குள்ளேயே சேர்த்தன. 2007 இல் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் என்ற பகுதி லினக்ஸின் மையமான கருவிலேயே (கெர்னல்) இணைந்தது. அன்றுமுதல், மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் விருந்தாளி இயங்குதளத்தின் பெரும்பாலான கட்டளைகள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. ஆகவே இன்று ஒரு மெய்நிகர் கணினி தவழ்ந்தால், காரணம் செயலியாக இருப்பது அரிது. நினைவகப் பற்றாக்குறையோ, வட்டில் எழுதுவதும் படிப்பதும் சுற்றுவழியில் நடப்பதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நிரல் எங்கே இயங்கப் போகிறது?

லினக்ஸ் சர்வரில் இயங்கப் போகும் நிரலை விண்டோஸில் நேரடியாக எழுதும்போது எழும் சிக்கல்கள் சிறியவையாகத் தோன்றும், ஆனால் அவை வெளிப்படுவது கடைசி நேரத்தில்தான். விண்டோஸிலும், இயல்பான அமைப்பில் மேக்கிலும், கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. நிரலில் ஒரு கோப்பைச் சிறிய எழுத்தில் அழைத்து, கோப்புக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்திருந்தால் உங்கள் மடிக்கணினியில் எந்தக் குறையும் தெரியாது. சர்வரில் ஏற்றிய மறுகணம் அந்தக் கோப்பு இல்லை என்ற பிழை வரும். வரி முடிவு இன்னொரு சிக்கல். விண்டோஸ் இரண்டு குறியீடுகளால் வரியை முடிக்கிறது, லினக்ஸ் ஒன்றால் முடிக்கிறது. விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோப்பு) ஒன்று லினக்ஸில் இயங்க மறுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றைக் குறியீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கப் புதியவர்களுக்கு அரைநாள் ஆகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நோட் தொகுதிகளில் சில நிறுவப்படும் கணினிக்கு ஏற்பத் தொகுக்கப்படுபவை என்பதால், விண்டோஸில் நிறுவிய தொகுதிகளை அப்படியே நகலெடுத்து லினக்ஸில் இயக்க முடியாது. ரெடிஸுக்கு விண்டோஸில் நேரடியாக இயங்கும் அதிகாரபூர்வப் பதிப்பே இல்லை. சர்வருக்காக எழுதுகிறவர், சர்வரில் உள்ள அதே இயங்குதளத்தையும் இயன்றவரை அதே பதிப்பையும் தம் மேசையிலும் வைத்திருப்பதே நேர்மையான வழி. அதற்கு மெய்நிகர் கணினி மிகவும் பொருத்தமானது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவருக்கு, கைபேசியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர் தேவை. அந்த எமுலேட்டரே ஒரு மெய்நிகர் கணினி, அதற்கும் கணினிச் செயலியின் (புராசஸர்) அதே வன்பொருள் வசதிதான் வேண்டும். அதை இன்னொரு மெய்நிகர் கணினிக்குள் வைத்து இயக்கினால் அடுக்கின் மேல் அடுக்கு ஏறி, பயன்படுத்த முடியாத அளவுக்குத் தளர்ந்துவிடும். விளையாட்டுகள், முப்பரிமாண வரைகலை, யூஎஸ்பி வழியாகச் சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு நிரல் ஏற்றும் பணி ஆகியவற்றுக்கும் இது பெருமளவு பொருந்தும். ஐபோனுக்கு எழுதுகிறவருக்கு ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோட் வேண்டும், எக்ஸ்கோடுக்கு மேக் இயங்குதளம் வேண்டும், அதை ஆப்பிளின் வன்பொருளில் மட்டுமே இயக்க அதன் உரிமம் இடம் தருகிறது. இத்தகைய பணிகளில் இருப்பவர்கள் நேரடியாகச் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

நினைவகத்தை அளத்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறவர்களே பின்னால் மெய்நிகர் கணினியைக் குறை சொல்கிறார்கள். ஒரு வழக்கமான வேலை நாளில் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள்: உலாவியில் பத்துப் பதினைந்து தத்தல்கள் (டேப்), எடிட்டர், அரட்டைச் செயலி, கூட்டங்களுக்கான காணொளிச் செயலி. பிறகு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்துக்குச் சென்று, நினைவகத்தில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணிலிருந்து 2 ஜிபியைக் கழியுங்கள். அது திடீர்த் தேவைகளுக்கான இருப்பு. எஞ்சுவதுதான் மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கக்கூடிய அளவு.

8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அந்த மிச்சம் பெரும்பாலும் 1 ஜிபிகூடத் தேறாது. அப்படியானால் வரைகலைத் திரையுள்ள முழு லினக்ஸ் ஒன்றை அதற்குள் ஏற்ற முயல வேண்டாம். இரண்டு இயங்குதளங்களும் நினைவகம் போதாமல் வட்டில் எழுதத் தொடங்கி, இரண்டுமே பயனற்றுப் போகும். 16 ஜிபி உள்ள கணினியில் திரையற்ற சர்வர் ஒன்றுக்கு 4 ஜிபி கொடுத்து நிம்மதியாக வேலை செய்யலாம். மூன்று நான்கு மெய்நிகர் கணினிகளை ஒன்றாக ஓடவிட்டு ஒரு தொகுப்பையே சோதிக்க வேண்டியவருக்கு 32 ஜிபி தேவைப்படும். மடிக்கணினியில் கூடுதல் நினைவகம் செருக இடமிருந்தால், புதிய கணினி வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் அந்த இடத்தை நிரப்புவதே சிக்கனம். பழைய சுழலும் வன்தட்டு உள்ள கணினியாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டிக்கு மாற வேண்டும். ஒரே வன்தட்டை இரண்டு இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது அதன் படிக்கும் முனை இரண்டு பக்கமும் அலைந்து, கோப்பைத் திறப்பதே காத்திருப்பாகிவிடும்.

விண்டோஸ்காரர்களுக்கு உள்ள நடுவழி

விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்க மைக்ரோசாஃப்ட் 2016 இல் கொண்டுவந்த டபிள்யூஎஸ்எல், 2019 இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பிலிருந்து ஓர் எளிய மெய்நிகர் கணினிக்குள் உண்மையான லினக்ஸ் கருவை இயக்குகிறது. விண்டோஸின் ஹோம் பதிப்பிலும் இது கிடைக்கிறது. நினைவகம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனெனில் முன்கூட்டியே ஒரு பெரும்பகுதியை ஒதுக்கி வைக்காமல் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இயல்பான அமைப்பில் மொத்த நினைவகத்தின் பாதி வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. 8 ஜிபி கணினியில் அது தாங்காது என்பதால், பயனர் கோப்புறையில் டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பை உருவாக்கி உச்ச வரம்பை 2 அல்லது 3 ஜிபி என்று எழுதிவைக்க வேண்டும்.

இதைப் பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேர் செய்யும் பிழை ஒன்று உண்டு. மூலநிரலை விண்டோஸின் சி டிரைவிலேயே வைத்துவிட்டு, லினக்ஸ் பக்கத்திலிருந்து அதைத் திறந்து இயக்குகிறார்கள். இரண்டு கோப்பு முறைமைகளுக்கும் இடையிலுள்ள எல்லையை ஒவ்வொரு கோப்பும் கடந்து வர வேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட நோட் திட்டம் ஒன்றை நிறுவும்போது அது மிகவும் தாமதமாகிறது. கோப்பை மாற்றிச் சேமித்ததும் நிரல் தானாக மறுபடி இயங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அந்த மாற்றமே அறிவிக்கப்படாமலும் போகலாம். மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வுக் கோப்புறைகளிலும் இதே குறை உண்டு. எந்த இயங்குதளம் நிரலை இயக்குகிறதோ, அதன் வட்டிலேயே மூலநிரலும் இருக்க வேண்டும். எடிட்டரை மட்டும் விண்டோஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விஎஸ் கோடின் தொலைநிலை நீட்சி வழியாக உள்ளே இணைய வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தபின், வேகம் போதவில்லை என்று வந்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் வந்ததில்லை.

முழு மெய்நிகர் கணினியை அமைத்தல்

சர்வரின் அமைப்பை முழுமையாக ஒத்திருக்க வேண்டும் என்றாலோ, ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேலையையும் தனித்தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்றாலோ முழு மெய்நிகர் கணினி தேவை. முதலில் டாஸ்க் மேனேஜரின் செயலிப் பக்கத்தில் மெய்நிகராக்கம் இயக்கப்பட்டுள்ளது என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணினி தொடங்கும்போதே பயாஸ் அமைப்புக்குள் சென்று அதை இயக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் 32 பிட் இயங்குதளங்கள் மட்டும் தெரிவதற்கு வழக்கமான காரணம் இதுதான். மெய்நிகர் கணினி ஓடும்போது சாளரத்தின் அடியில் பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால், விண்டோஸின் மெய்நிகராக்கப் பகுதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே அந்த வன்பொருள் வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றி ஓடுகிறது என்று பொருள். டபிள்யூஎஸ்எல்லையும் விர்ச்சுவல்பாக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இதைச் சந்திப்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது.

உரிமத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைப் பகுதி கட்டற்ற மென்பொருள். அதன் நீட்சித் தொகுப்போ தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விப் பயன்பாட்டுக்கும் மட்டுமே இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. அதே வகை மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகியுள்ளது.

உள்ளே நிறுவ உபுண்டு சர்வரின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு போதும். வரைகலைத் திரை வேண்டாம். செயலியின் இரண்டு கருக்கள் (கோர்), முன்பு அளந்த நினைவகம், 40 ஜிபி வரை வளரக்கூடிய வட்டு என்று கொடுக்கலாம். கணினியிலுள்ள எல்லாக் கருக்களையும் விருந்தாளிக்கே கொடுத்துவிட்டால், நிரலைத் தொகுக்கும் நேரத்தில் எடிட்டரும் உலாவியும் உறைந்து நிற்கும். வளரும் வட்டு, உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே தானாகச் சுருங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிணையத்தை, வெளிக் கணினியின் முகவரி வழியாகவே இணையத்தை எட்டும் என்ஏடி முறையிலேயே விட்டுவிட்டு, வெளிக் கணினியின் 2222 ஆம் போர்ட்டை (இணைப்பு வாயில்) உள்ளேயுள்ள 22 ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால் பாதுகாப்பான தொலைநுழைவு முறையான எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடியும். வலைச் செயலிக்கும் அப்படியே ஒரு போர்ட்டைத் திருப்பிவிடலாம். உள்ளே சர்வர் ஓடுகிறது, வெளியே உலாவியில் எதுவும் வரவில்லை என்றால், அந்த நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த முகவரி விருந்தாளிக் கணினிக்குள்ளேயே அடங்கிவிடுவது, 0.0.0.0 என்று மாற்றினால் வெளியிலிருந்து எட்டும். மடிக்கணினியை மூடி உறங்கவைத்துப் பிறகு திறந்தால், உள்ளேயுள்ள கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ்ப் பிழைகளும் உள்நுழைவுப் பிழைகளும் காரணமின்றி வருவதுபோல் தோன்றும் காலைகளில் நேரத்தைச் சரிபார்த்துவிடுவது நலம்.

நிழற்பட நகல் பற்றி ஓர் எச்சரிக்கை

மெய்நிகர் கணினியின் பெரும் வசதி ஸ்னாப்ஷாட் எனும் நிழற்பட நகல். தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றும் முன் அந்தக் கணத்தின் நிலையைப் பதிந்துவைத்துக்கொண்டால், ஏற்றம் பிழையாகிவிட்டால் ஒரே நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சொந்தக் கணினியில் நேரடியாக நிறுவியவருக்கு இவ்வளவு எளிய வழி பெரும்பாலும் கிடையாது. ஆனால் இந்த வசதியே எனக்கு ஒருமுறை இரண்டு நாள் உழைப்பை இழக்க வைத்தது. ஒரு நிறுவல் கெட்டுப்போனதும் பழைய நிலைக்குத் திரும்பினேன். இடைப்பட்ட இரண்டு நாட்களில் எழுதி, வெளியே எங்கும் அனுப்பாமல் வைத்திருந்த நிரலும் அந்த நிலையோடு சேர்ந்து பின்னோக்கிப் போயிற்று. இயங்குதளமும் மூலநிரலும் ஒரே வட்டில் இருக்கின்றன, வட்டு முழுவதும்தான் திரும்பிச் செல்கிறது என்பது தெரிந்திருந்தும் அவசரத்தில் மறந்தேன். அன்றிலிருந்து, நிலையை மீட்கும் முன், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் (Git) எல்லாவற்றையும் பதிந்து வெளிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டதை உறுதிசெய்யாமல் கை வைப்பதில்லை.

ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகலாகவும் கருதக் கூடாது. அது அடிப்படை வட்டுக் கோப்பைச் சார்ந்து நிற்பது. மடிக்கணினியின் எஸ்எஸ்டி பழுதானால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்து ஸ்னாப்ஷாட்களைச் சேர்த்து வைத்தால் வட்டின் இடமும் கரையும், வேகமும் குறையும். வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். நீக்கும்போது மாற்றங்கள் ஒன்றிணைக்கப்படுவதால் அதற்கும் காலியிடம் தேவை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

2020 நவம்பரில் எம்1 செயலியுடன் ஆப்பிள், இன்டெல்லின் எக்ஸ்86 செயலிக் கட்டமைப்பிலிருந்து ஏஆர்எம் என்ற வேறொரு கட்டமைப்புக்கு மாறத் தொடங்கியதிலிருந்து இங்கே ஒரு கூடுதல் கணக்கு சேர்ந்துவிட்டது. அந்த மேக்குகளில் ஏஆர்எம் கட்டமைப்புக்கான லினக்ஸை யூடிஎம் அல்லது பேரலல்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக மிக வேகமாக இயக்கலாம். சர்வர் எக்ஸ்86 கட்டமைப்பில் இருந்தால், மெய்நிகர் கணினி இருந்தும் சர்வரோடு முழு ஒற்றுமை கிடைக்காது. எக்ஸ்86 இயங்குதளம் ஒன்றை முழுமையாகப் போலச்செய்து ஓட்டினால் அன்றாட வேலைக்கு ஒவ்வாத அளவுக்கு மெதுவாகிவிடும். நிரலையும் அதன் தேவைகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் டாக்கர் கொள்கலன் பயன்படுத்துகிறவர்களும் இதில் தப்புவதில்லை. கொள்கலன்கள் லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொள்பவை என்பதால், மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் திரைக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியைத்தான் ஓட்டுகிறது. மேக்கில் உருவாக்கிய படிமத்தை எக்ஸ்86 சர்வருக்கு அனுப்பும் முன், இலக்குக் கட்டமைப்பைத் தெளிவாகக் குறிப்பிட்டுத் தொகுக்க வேண்டும்.

வாடகைக் கணினி

சொந்தக் கணினி பழையது, நினைவகம் கூட்ட வழியில்லை, ஆனால் இணையம் நம்பகமானது என்ற நிலையில் உள்ளவருக்கு மேகத்தில், அதாவது இணையவழி எட்டும் தரவு மையத்தில், உள்ள மெய்நிகர் கணினி நல்ல மாற்று. எந்த நகரில் உள்ள தரவு மையம் என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். அமேசான் 2016 முதல் மும்பையில் சேவை தருகிறது. அதைக் கவனிக்காமல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தேர்ந்தால், முனையத்தில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் கடல் கடந்து திரும்பி வர ஏறத்தாழ 200 மில்லி நொடிகள் ஆகி, வேலை முழுவதும் இழுபடும்.

கட்டணம் மணிக்கணக்கில் ஏறுவது. அமேசானில், மாலையில் கணினியை நிறுத்திவிட்டால் செயலிக்கான கட்டணம் நின்றுவிடும், வட்டுக்கான கட்டணம் நிற்காது; 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 இணைய முகவரிக்கும் தனிக் கட்டணம் உண்டு. கணக்கைத் தொடங்கிய அன்றே செலவு எச்சரிக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் வழி நுழைவை மூடிவிட்டு எஸ்எஸ்எச் சாவியை மட்டும் அனுமதிப்பதும், தரவுத்தளத்தின் போர்ட்டை உலகத்துக்குத் திறந்துவிடாமல் இருப்பதும் கட்டாயம். பொது முகவரி கிடைத்த சில நிமிடங்களிலேயே அந்நியத் தேடு நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும்.

வாடிக்கையாளரின் மூலநிரலையும் தரவையும் கையாளுகிறவர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். அவற்றைக் குடும்பத்தினரும் பயன்படுத்தும் மடிக்கணினியில் நேரடியாக வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மறையாக்கம் செய்த வட்டுடன் ஒரு மெய்நிகர் கணினி, அதற்குள்ளேயே அவர்களுடைய விபிஎன், அவர்களுடைய சாவிகள் என்று பிரித்து வைத்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த ஒரு மெய்நிகர் கணினியை நீக்கினால் போதும். இந்தக் காரணத்துக்காகக் கூடுதல் நினைவகம் வாங்க வேண்டிவந்தாலும் வாங்கலாம் என்பேன்.

தீர்மானித்த பிறகும் ஒரு வாரம் சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில், நிரலை முதலிலிருந்து நிறுவித் தொகுக்க எத்தனை நிமிடம், ஒரு கோப்பை மாற்றிச் சேமித்தபின் மாற்றம் உலாவியில் தெரிய எத்தனை நொடி என்ற இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். மெய்நிகர் கணினிக்குள்ளே ஸ்வாப் (நினைவகத்துக்குப் பதிலாக வட்டு) பயன்பாடு தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தால் நினைவகத்தை அரை ஜிபி அரை ஜிபியாகக் கூட்டிப் பாருங்கள். வெளிக் கணினியின் மீதம் 1 ஜிபிக்குக் கீழே இறங்கினால் நிறுத்திக்கொண்டு டபிள்யூஎஸ்எல்லுக்கோ வாடகைக் கணினிக்கோ மாறுங்கள். நிறுவும்போது செய்த ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதிக் கிட்டில் வைத்திருந்தால், அந்த மாற்றம் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.